பத்திரத்தில் வந்த ‘மெஸ்விஜ்’ என்ன சொல்கிறது?

கேள்வி: ஐயா, வணக்கம். சென்னை முத்தியால்பேட்டையில் என் தாத்தா 1927-ல் வாங்கிய வீட்டை விற்கப் போகிறோம். மூலப் பத்திரம் ஆங்கிலத்தில் டைப் அடித்தது. சொத்து விவரத்தில் ‘ஆல் தட் மெஸ்ஸுவேஜ் ஆர் டுவெல்லிங் ஹவுஸ் அண்ட் கிரவுண்ட்’ என்று இருக்கிறது. மருமகன் ஃபோனில் படம் பிடித்து மொழிபெயர்த்துப் பார்த்தால் ‘அந்தச் செய்தி முழுவதும்’ என்று வருகிறது. வாங்க வந்தவர் தரப்பில் ஒருவர், இது ‘மார்ட்கேஜ்’ என்பதன் பழைய எழுத்து, வீடு அடமானத்தில் இருந்திருக்கிறது என்கிறார். வீட்டுப் பின்கட்டில் கிணறும் ஓட்டுச் சமையல்கட்டும் உண்டு. பத்திரத்தில் அவற்றைத் தனியாக எழுதவில்லை. அவையும் எங்களுக்குச் சேர்ந்தவைதானா? தமிழில் இந்தச் சொல்லை எப்படி எழுதுவது? இரண்டு வாரமாகச் சரியான தூக்கம் இல்லை. பத்திரத்தின் முதல் பக்கத்தையும் சொத்து விவரப் பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள அம்மா,

முதலில் நிம்மதியாகத் தூங்குங்கள். அந்தச் சொல்லால் உங்கள் வீட்டுக்கு ஒரு வில்லங்கமும் வராது. கடனுக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. அது வீட்டைக் குறிக்கும் சொல். இன்னும் சரியாகச் சொன்னால், வீடும் அதில் குடியிருக்கிறவர்கள் புழங்குகிற இடமும் சேர்ந்தது. முற்றம், கொல்லை, தோட்டம், வெளியே தனியாக இருக்கும் சமையல்கட்டு, கொட்டகை எல்லாம் அதில் அடக்கம். ‘வீடு வாசல்’ என்று நாம் ஒரே மூச்சில் சொல்கிறோமே, ஏறக்குறைய அந்த முழுமைக்கு ஆங்கிலேயர் பத்திரத்தில் வைத்திருந்த பெயர் அது. உச்சரிப்பு ‘மெஸ்விஜ்’. எழுத்தைப் பார்த்துப் படித்தால் நீங்கள் எழுதியதுபோல ‘மெஸ்ஸுவேஜ்’ என்றுதான் வாயில் வரும்.

ஃபோன் ஏன் ‘செய்தி’ என்றது தெரியுமா? ‘மெசேஜ்’ என்ற சொல்லின் எழுத்துகளுக்கு நடுவில் ஒரு ‘யு’ போட்டால் மெஸ்விஜ். நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தாளின் மடிப்பு சரியாக அந்த ‘யு’ மேலேயே ஓடுகிறது. மை உதிர்ந்து, இரண்டு சின்னக் கோடுகள்தான் மிச்சம். இயந்திரம் தனக்குத் தெரிந்த சொல்லாக அதைத் திருத்திக்கொண்டுவிட்டது. மெசேஜ் என்பது ‘அனுப்புதல்’ என்ற பொருளுள்ள லத்தீன் வேரிலிருந்து வந்தது. இரண்டுக்கும் உறவில்லை.

மார்ட்கேஜோடும் உறவில்லை. அது பழைய பிரெஞ்சில் ‘செத்த ஈடு’ என்று பொருள்படும் இரண்டு சொற்களின் கூட்டு. உங்கள் வீட்டின் மேல் அடமானம் இருந்ததா என்பதை இந்தச் சொல்லை வைத்து யாரும் முடிவு செய்ய முடியாது. அதற்கு வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்க வேண்டும், தாய்ப்பத்திரங்களை வரிசையாகப் படிக்க வேண்டும். எப்படியும் விற்பதற்கு முன் அதைச் செய்வீர்கள். வாங்குபவர் தரப்பிலும் கேட்பார்கள்.

அப்புறம், சொல்லின் கதைக்கு வருகிறேன். உங்கள் மற்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை அதில்தான் இருக்கிறது.

லத்தீனில் ‘மனேரே’ என்றால் தங்குவது, இருப்பது. மேன்ஷன், மேனர், ‘நிலையான’ என்று பொருள்படும் பெர்மனென்ட், ‘மீந்திரு’ என்னும் ரிமெயின் எல்லாம் அந்த வேரில் கிளைத்தவை. திருவல்லிக்கேணியில் ஒற்றை அறையில் தங்கி வேலை தேடிய எத்தனையோ பேருக்கு மேன்ஷன் என்ற சொல் தெரியும். மெஸ்விஜ் அதற்கு ஒன்றுவிட்ட சகோதரம். பழைய பிரெஞ்சில் ‘மெஸ்னஜ்’ என்றால் குடித்தனம். நார்மானியர் 1066-ல் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு அவர்களுடைய பிரெஞ்சு அங்கே நீதிமன்ற மொழியாக வேரூன்றியது. அக்காலக் கையெழுத்தில் ‘என்’ எழுத்தும் ‘யு’ எழுத்தும் ஒன்றுபோலவே இருக்கும். இரண்டு செங்குத்துக் கோடுகள், அவ்வளவுதான். யாரோ ஒரு எழுத்தர் ‘என்’னை ‘யு’வாகப் படித்ததால் மெஸ்னஜ், மெஸ்வஜ் ஆகியிருக்கலாம் என்பது அகராதிக்காரர்கள் சொல்லும் காரணங்களில் ஒன்று. எனக்கும் அது பொருத்தமாகப் படுகிறது. அன்று ஒரு ‘யு’ நுழைந்து பிறந்த சொல், உங்கள் பத்திரத்தின் மடிப்பில் அதே ‘யு’வைத் தொலைத்து நிற்பதைப் பார்த்தபோது நெஞ்சைத் தொட்டது.

இங்கிலாந்தில் நிலம் கைமாறியதைக் காட்டும் பழைய நீதிமன்ற ஆவணங்களில் ஒரு வகை உண்டு. ஒரே தோல் தாளில் ஒரே வாசகத்தை மூன்று முறை எழுதுவார்கள். நடுவே வளைவு வளைவாக வெட்டி, இரண்டு பிரதிகளை இரு தரப்பாருக்கும் கொடுத்துவிட்டு, அடிப்பகுதியிலுள்ள மூன்றாவது பிரதியை நீதிமன்றத்திலேயே வைத்துக்கொள்வார்கள். பிறகு சண்டை வந்தால் துண்டுகளை ஒட்டவைத்துப் பார்க்கலாம். வெட்டு பொருந்தவில்லை என்றால் போலி. 1195-ல் தொடங்கி 1833-ல் சட்டம் போட்டு ஒழிக்கும் வரை இந்த முறை நடந்தது. உங்கள் பத்திரம் ‘திஸ் இண்டெஞ்சர்’ என்று தொடங்குகிறது பாருங்கள். அந்தச் சொல்லுக்குள் இருப்பது ‘பல்’. பல் பல்லாக வெட்டிய தாள் என்று அர்த்தம். 1927-ல் யாரும் தாளை அப்படி வெட்டவில்லை, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

இந்த ஆவணங்களில் சொத்தை விவரிக்க ஒரு வரிசை உண்டு. முதலில் மெஸ்விஜ். பிறகு குடிசை, ஆலை, புறாக்கூண்டு, தோட்டம், பழத்தோப்பு, உழவு நிலம், புல்வெளி, மேய்ச்சல், காடு என்று போகும். வரிசையின் தலைப்பில் நிற்பது பெரும்பாலும் குடியிருக்கிற இடம். இந்தப் பட்டியலில் ‘டாஃப்ட்’ என்று இன்னொரு சொல்லும் வரும். ஒரு காலத்தில் வீடு இருந்து, இன்று வெறும் தரையாகக் கிடக்கும் இடம் என்று பொருள். வீடு நிற்கிறதா, விழுந்துவிட்டதா என்பதற்கு அவர்கள் தனித்தனிச் சொல் வைத்திருந்தார்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், தமிழாக்கம் பற்றிச் சொல்லும்போது தேவைப்படும்.

ஒரு உதாரணத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். நாடகாசிரியர் ஷேக்ஸ்பியர் 1597-ல் தன் சொந்த ஊரான ஸ்டிராட்ஃபோர்டில் ‘நியூ பிளேஸ்’ என்ற பெரிய வீட்டை வாங்கினார். அந்த லத்தீன் ஆவணத்தில் இருப்பது ‘ஒரு மெஸ்விஜ், இரண்டு களஞ்சியம், இரண்டு தோட்டம், அவற்றைச் சேர்ந்தவை’ என்ற ஒற்றை வரி. எத்தனை அறை, எத்தனை மாடி, எந்தப் பக்கம் வாசல் என்று ஒன்றும் கிடையாது. 1602-ல் உறுதிப்படுத்தி எழுதியபோது இரண்டு பழத்தோப்புகள் கூடுதலாகச் சேர்ந்தன.

அவருடைய உயில் 1616 மார்ச் 25 தேதியிட்டது. அதில் மூத்த மகள் சூசன்னாவுக்கு எழுதிவைத்த சொத்துகளைப் பாருங்கள். தான் குடியிருக்கும் நியூ பிளேஸை ‘கேப்பிட்டல் மெஸ்விஜ்’ என்கிறார், அதாவது தலைமை வீடு. ஹென்லி தெருவில் ‘இரண்டு மெஸ்விஜ்’. லண்டன் பிளாக்ஃபிரையர்ஸில், ஜான் ராபின்சன் என்பவர் குடியிருக்கும் ஒரு மெஸ்விஜ். ஹென்லி தெருவில் உள்ள அந்த இரண்டும் ஒட்டி ஒட்டி நிற்பவை. அவர் பிறந்த இடம் என்று இன்று ஊர் காட்டும் கட்டடம் அதுதான். ஒரே கூரைபோலத் தெரியும் வரிசையில் இரண்டு மெஸ்விஜ் இருக்கலாம், ஒரு மெஸ்விஜுக்குள் நாலு கட்டடமும் இருக்கலாம் என்பது இதிலிருந்து புரியும். எண்ணிக்கை சுவரைப் பொறுத்ததில்லை, குடித்தனத்தைப் பொறுத்தது.

அதே உயிலில் இன்னொரு இடம் உண்டு. நான் பலமுறை திரும்பத் திரும்பப் படித்த வரி. அவருடைய தங்கை ஜோன் ஹென்லி தெருவில் குடியிருந்தார். அவர் உயிரோடு இருக்கும்வரை, வருஷத்துக்கு 12 பென்ஸ் வாடகையில், குடியிருக்கிற வீட்டிலேயே இருந்துகொள்ளலாம் என்று எழுதுகிறார். அங்கே போட்டிருக்கும் சொல் ‘ஹவுஸ்’. தங்கை தலைசாய்க்க ஒரு இடம் வேண்டும் என்னும்போது வீடு. தலைமுறை தலைமுறையாக மகள் வம்சத்துக்குச் சொத்து போகவேண்டும் என்னும்போது மெஸ்விஜ். இதைச் சட்ட விதி என்று சொல்ல மாட்டேன். ஆனால் எழுதியவரின் காதில் இரண்டு சொல்லும் வேறு வேறாக ஒலித்திருக்கின்றன.

அந்த நியூ பிளேஸ் இன்று இல்லை. 1702 வாக்கில் இடித்துக் கட்டினார்கள். புதிதாகக் கட்டியதையும் 1759-ல் அப்போதைய உரிமையாளர் இடித்துத் தள்ளினார். இப்போது அங்கே தோட்டம்தான். பழைய எழுத்தர் கையில் கொடுத்தால் ‘டாஃப்ட்’ என்று எழுதியிருப்பார்.

எட்வர்ட் கோக் என்ற நீதிபதி 1628-ல் வெளியிட்ட சட்ட உரையில், மெஸ்விஜைக் கொடுத்தால் முற்றமும் தோட்டமும் பழத்தோப்பும் கூடவே போய்விடும் என்று எழுதினார். அவற்றைத் தனியாகச் சொல்லவேண்டிய அவசியமில்லை. உங்கள் கிணற்றுக் கேள்வியின் வேர் இங்கே இருக்கிறது.

ஆனாலும் வக்கீல்கள் சும்மா விடவில்லை. ‘மெஸ்விஜ், டெனமெண்ட் (ஒருவர் அனுபவத்தில் உள்ள நிலம், வீடு), ஹெரிடிடமெண்ட் (வாரிசுக்கு இறங்கும் சொத்து), வழி, தண்ணீர், வாய்க்கால், வேலி, வெளிச்சம், சுதந்திரம், பாத்தியம்’ என்று அடுக்கிக்கொண்டே போனார்கள். ஒன்று விட்டுப்போனாலும் நாளைக்கு வழக்கு வரும் என்ற பயம் ஒரு காரணம். பத்திரத்தின் நீளத்துக்குத் தக்க கூலி என்று இருந்தது இன்னொரு காரணம். 1881-ல் இங்கிலாந்தில் ஒரு சட்டம் வந்து, இந்த அடுக்கை எழுதாவிட்டாலும் எழுதியதாகவே கொள்ளலாம் என்றது. மறு வருஷம் இந்தியாவில் நடைமுறைக்கு வந்த சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 8-வது பிரிவும் அதே வழியில் போகிறது. வேறு எண்ணம் பத்திரத்தில் தெரியாவிட்டால், நிலத்தை விற்றால் அதில் ஊன்றி நிற்பவை எல்லாம் சேர்ந்து போகும். வீட்டை விற்றால் பூட்டு, சாவி, தாழ்ப்பாள், கதவு, ஜன்னல்கூடச் சேர்ந்து போகும். உண்மையாகவே சட்டத்தில் பூட்டையும் சாவியையும் பெயர் சொல்லி எழுதியிருக்கிறார்கள். நம் பத்திர எழுத்தர்கள் ‘கட்டுக்கோப்பு, கதவு நிலவு’ என்று எழுதுவதும் அதையேதான்.

சட்டம் வந்தும் பழக்கம் போகவில்லை. அதனால்தான் 1927-ல் மதராஸில் டைப் அடித்த உங்கள் தாத்தாவின் பத்திரத்தில் அந்தச் சொல் உட்கார்ந்திருக்கிறது. கூடவே ‘ஆர் டுவெல்லிங் ஹவுஸ்’ என்று விளக்கமும் கொடுத்திருக்கிறார்கள். அதாவது ‘மெஸ்விஜ் என்கிற குடியிருப்பு வீடு’. பக்கத்திலேயே அர்த்தம் இருந்தது, மடிப்பும் ஃபோனும் சேர்ந்து உங்களைப் பயமுறுத்திவிட்டன.

தமிழுக்கு வருவோம். இதற்கு இணையான சொல் நம்மிடம் உண்டா என்று கேட்டால், ஆயிரம் வருஷமாக உண்டு. சோழர் செப்பேடுகளில் ஊரைத் தானமாகக் கொடுக்கும்போது எதையெல்லாம் கொடுத்தோம் என்று ஒரு பட்டியல் வரும். அதில் ‘மனையும் மனைப்படப்பையும்’ என்று ஒரு தொடர். படப்பை என்றால் வீட்டை ஒட்டிய கொல்லைத் தோட்டம். மெஸ்விஜுக்கு இதைவிடப் பொருத்தமான தமிழ் எனக்குத் தெரியாது. அதே பட்டியலில் ‘மேல்நோக்கின மரமும் கீழ்நோக்கின கிணறும்’ என்று வரும். கடைசியில் ‘உடும்போடி ஆமை தவழ்ந்தது எல்லாம்’ என்று முடிப்பார்கள். உடும்பு ஓடுகிற காய்ந்த தரை, ஆமை தவழ்கிற ஈரத் தரை, எதையும் விடாமல் எல்லாம் என்று அர்த்தம். இங்கிலாந்து வக்கீலுக்கு இருந்த அதே கவலைதான். ஆனால் நம் எழுத்தர் அதற்கு ஒரு உடும்பையும் ஆமையையும் கூட்டிவந்திருக்கிறார். படிக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும்.

அப்படியானால் ‘மனை’ என்றே போட்டுவிடலாமா? கூடாது. பழைய தமிழில் மனை என்றால் வீடு. மனைவி என்ற சொல்லில் அந்தப் பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆனால் இன்று ‘மனை விற்பனைக்கு’ என்று பலகை வைத்தால் காலி இடம் என்றுதான் எல்லோரும் புரிந்துகொள்வார்கள். ஆங்கிலத்தில் மெஸ்விஜ், டாஃப்ட் என்று பிரித்து வைத்ததை நாம் ஒரே சொல்லில், காலத்தால் இடம் மாற்றிவிட்டோம். நீங்கள் மனை என்று மட்டும் எழுதினால் வீடு காணாமல் போய்விடும். ‘மாளிகை’யும் வேண்டாம். ஒரு பழைய மொழிபெயர்ப்பில் அப்படிப் போட்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். அந்தச் சொத்து இரண்டு அறையுள்ள ஓட்டு வீடு.

நான் மொழிபெயர்த்தால் அந்த வரியை இப்படி எழுதுவேன்: ‘புழங்குமிடங்களோடு கூடிய குடியிருப்பு வீடும் மனையும் முழுவதும்’. மூலத்தில் உள்ளது வந்துவிட்டது, இல்லாதது எதுவும் நுழையவில்லை. கிணறு என்ற சொல்லை மொழிபெயர்ப்பில் சேர்க்கச் சொல்லி உங்கள் வீட்டில் யாராவது கேட்பார்கள். தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். மூலத்தில் இல்லாத ஒன்றை மொழிபெயர்ப்பில் ஏற்றினால், பின்னால் மொத்த ஆவணத்தின் மேலும் சந்தேகம் விழும்.

சரி, கிணறும் சமையல்கட்டும் உங்களுடையதா? அதைச் சொல்லவேண்டியது மெஸ்விஜ் என்ற சொல் இல்லை, நான்கெல்லை. நீங்கள் அனுப்பிய இரண்டாம் படத்தில் கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு எல்லைகளும், மறுசர்வே எண்ணும், ‘முக்கால் கிரவுண்ட்’ என்ற விஸ்தீரணமும் தெளிவாக இருக்கின்றன. ஒரு கிரவுண்ட் 2400 சதுர அடி, அப்படியானால் உங்களுடையது 1800. சர்வேயரை வைத்து அளந்து பாருங்கள். கிணறும் சமையல்கட்டும் அந்த 1800 சதுர அடிக்குள், நான்கெல்லைக்குள் விழுந்தால், பெயர் சொல்லாவிட்டாலும் தாத்தா வாங்கியதில் அவையும் சேர்த்தி. கிணறு எல்லைக்கு வெளியே விழுந்தால், மெஸ்விஜ் என்ற ஒற்றைச் சொல்லை மட்டும் காட்டி அதை உங்களுடையது என்று நிலைநாட்ட முடியாது. அப்போது யார் எத்தனை வருஷம் தண்ணீர் எடுத்தார்கள், தடையில்லாமல் எடுத்தார்களா என்ற கேள்வி வரும். 1882-ன் வசதியுரிமைச் சட்டம் அதற்கு இருபது வருஷக் கணக்கு வைத்திருக்கிறது. அது வக்கீல் பார்க்கவேண்டிய வேலை. பக்கத்து வீட்டாரும் அந்தக் கிணற்றில் தண்ணீர் எடுத்தார்களா என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் இப்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் இப்போது எழுதிக்கொடுக்கப் போகும் கிரையப் பத்திரத்தில், அளந்து உறுதியான பிறகு, சொத்து விவரத்தில் எல்லாவற்றையும் பெயர் சொல்லியே எழுதச் சொல்லுங்கள். ‘மேற்படி நான்கெல்லைக்குட்பட்ட மனையும், அதில் கட்டியுள்ள ஓட்டு வீடும், பின்கட்டில் உள்ள ஓட்டுச் சமையல்கட்டும், உறை கிணறும்’ என்று. கிணறு உறை கிணறா, கல் கட்டிய கிணறா என்று நேரில் பார்த்துச் சரியாகப் போடுங்கள். மூலப் பத்திரத்தை இனிமேல் அந்த மடிப்பில் மடிக்காமல், விரித்து ஒரு கோப்புறைக்குள் வையுங்கள். இன்னொரு தடவை மடித்தால் அந்த ‘யு’ முழுசாகவே போய்விடும்.